நியூயார்க் நகர அடையாள அட்டை: குடியேறியவர்கள் பெறுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

குவீன்ஸில் எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஓர் அக்கா இருக்கிறார். மகனின் பள்ளிக்குப் போகும்போதெல்லாம் தன் இந்திய பாஸ்போர்ட்டைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்து எடுத்துச் செல்வார். பள்ளி வாசலில் பாதுகாப்பு அலுவலர் படத்துடன் கூடிய அடையாளச் சான்று கேட்பார். அக்காவிடம் இருந்தது அது ஒன்றுதான். கணவரின் எச்-1பி விசாவை ஒட்டி எச்-4 விசாவில் வந்தவர். வேலை கிடையாது, ஓட்டுநர் உரிமமும் கிடையாது. ஒரு நாள் பைக்குள் ரசம் கொட்டிவிட்டது. பாஸ்போர்ட்டின் ஓரங்கள் மஞ்சளேறி ஊறிப்போயிருந்தன. "நகை தொலைந்திருந்தால்கூட இப்படிப் பதறியிருக்க மாட்டேன்" என்று அதை மின்விசிறிக்கு முன்னால் விரித்து வைத்துக்கொண்டு அழுதார். அன்றுதான் அவரிடம் இந்த நகர அட்டையைப் பற்றிச் சொன்னேன். நான்கு ஆண்டுகளாக இந்த ஊரில் இருந்தும் அவருக்கு அது தெரியாது.

நம்மவர் பலருக்கும் தெரியவில்லை என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

அட்டையின் பெயர் ஐ.டி.என்.ஒய்.சி. நியூயார்க் மாநகராட்சியே வழங்குகிறது. மேயர் பில் டி பிளாசியோ காலத்தில் 2014-இல் சட்டம் இயற்றப்பட்டு, 2015 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. கட்டணம் இல்லை. 5 ஆண்டுகள் செல்லும். 10 வயது நிரம்பிய எவரும் விண்ணப்பிக்கலாம்; குவீன்ஸ், புரூக்ளின் போன்ற நகரின் ஐந்து பெரும் பிரிவுகளில், அதாவது பரோக்களில், எங்கு வசித்தாலும் சரி. விசா இருக்கிறதா, காலாவதியாகிவிட்டதா, எந்த வழியில் நாட்டுக்குள் வந்தீர்கள் என்ற கேள்வியே விண்ணப்பத்தில் கிடையாது. நகரம் கேட்பது இரண்டே கேள்விகள்: நீங்கள் யார்? இந்த நகரத்தில்தான் குடியிருக்கிறீர்களா?

நாட்டின் முதல் நகர அட்டை இதுவல்ல. கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரம் 2007-லேயே இப்படி ஓர் அட்டையைக் கொண்டுவந்தது. அடையாளச் சான்று இல்லாததால் வங்கிக் கணக்கு தொடங்க முடியாத குடியேறிகள் கூலியை ரொக்கமாகவே சட்டைப் பையில் வைத்திருந்தார்கள். திருடர்களுக்கு அது தெரிந்திருந்தது. 'நடமாடும் ஏ.டி.எம்.' என்றே அவர்களைச் சொன்னார்கள். வழிப்பறிக்கு ஆளானவர் காவல்துறையிடம் போகவும் அஞ்சினார், கையில் காட்ட எதுவும் இல்லாததால். நகர அட்டை என்ற யோசனை அந்த அச்சத்துக்கு விடையாகவே வந்தது. பின்னர் சான் பிரான்சிஸ்கோ, ஓக்லண்ட், நெவார்க், சிகாகோ நகரங்களும் தொடங்கின. நடைமுறை ஊருக்கு ஊர் மாறும் என்பதால் இங்கே நியூயார்க்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

விண்ணப்பிக்கும் முன்: இது எதற்குச் செல்லும், எதற்குச் செல்லாது

நகர அலுவலகங்கள், பள்ளிகள், பொது மருத்துவமனைகள் ஆகியவற்றில் அடையாளமாகக் காட்டலாம். நகரக் காவல்துறை இதை ஏற்கிறது. சிறு மீறலுக்குக் காவலர் நிறுத்தினால், அடையாளம் காட்ட முடியாதவரை நிலையத்துக்கு அழைத்துச் செல்லும் நிலை வரலாம். அட்டை இருந்தால் அங்கேயே சம்மன் வாங்கிக்கொண்டு வீடு திரும்ப வாய்ப்பு உண்டு. நகர எழுத்தர் அலுவலகத்தில் திருமண உரிமம் பெறவும் பயன்படும். நியூயார்க், புரூக்ளின், குவீன்ஸ் ஆகிய மூன்று நூலக அமைப்புகளுக்கும் இதுவே நூலக அட்டையாகிவிடும். பிள்ளைகளின் தடுப்பூசிப் பதிவுகளையும் இதனோடு இணைத்துக்கொள்ள முடியும். பள்ளிச் சேர்க்கையின்போது ஊரிலிருந்து கொண்டுவந்த தடுப்பூசி அட்டையைத் தேடி வீட்டைத் தலைகீழாக்கியவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

இனி, செல்லாத இடங்கள். இதை வைத்து வண்டி ஓட்ட முடியாது. விமானம் ஏற முடியாது. 2025 மே 7 முதல் உள்நாட்டு விமானங்களுக்கும் ரியல் ஐ.டி. விதி, அதாவது மத்திய அரசு ஏற்கும் அடையாளச் சான்றையே கேட்கும் விதி, அமலில் இருக்கிறது, ஆகவே பயணத்தன்று பாஸ்போர்ட் போன்ற ஒரு சான்று கையில் இருக்க வேண்டும். மது, புகையிலை வாங்க வயதுச் சான்றாக ஏற்க மாட்டார்கள். முக்கியமாக, இது வேலை அனுமதி தராது, விசா நிலையை எள்ளளவும் மாற்றாது. கிரீன் கார்டு வைத்திருக்கும் 18 வயது நிரம்பியவர்கள் அதைக் கையோடு வைத்திருக்க வேண்டும் என்பது மத்திய அரசின் சட்டம். நகர அட்டை வந்துவிட்டது என்று கிரீன் கார்டை அலமாரியில் பூட்டிவிட வேண்டாம்.

முதல் படி: முகவரிச் சான்று. இதை இன்றே தொடங்குங்கள்

பெரும்பாலானோர் பாஸ்போர்ட்டைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். நான் உடன் சென்றவர்களில் அடையாளச் சான்று இல்லாமல் திரும்பியவர் ஒருவர்கூட இல்லை. தடுக்கி விழுந்த இடம் எல்லாருக்கும் முகவரிதான்.

இந்திய பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் முகவரி இருக்கிறதே என்று நினைக்கலாம். அது கும்பகோணத்து முகவரி. நகரத்துக்கு வேண்டியது நீங்கள் இன்று உறங்கி எழும் வீட்டின் முகவரி, உங்கள் பெயரோடு.

எச்-4 விசாவில் வந்த பெண்களுக்கு இது பெரும் சிக்கல். வாடகை ஒப்பந்தம் கணவர் பெயரில். மின் கட்டணப் பில் கணவர் பெயரில். இணைய இணைப்பு, காப்பீடு எல்லாமே அப்படித்தான். அந்த வீட்டில் 24 மணி நேரமும் இருப்பவர் அவர். ஆனால் அங்கே அவர் வசிப்பதாகச் சொல்ல ஒரு காகிதத் துண்டும் இருக்காது. மூன்றாம் மாடி அக்காவின் நிலையும் அதுவே. பாஸ்போர்ட்டைக் காட்டிக் கணவரின் வங்கிக் கணக்கில் அவரையும் கூட்டுக் கணக்குதாரராகச் சேர்த்தோம். அடுத்த மாத அறிக்கையில் அவர் பெயரும் முகவரியும் அச்சாகி வந்தன. அந்த ஒரு தாள் போதுமானதாக இருந்தது.

ஏற்கப்படும் முகவரிச் சான்றுகளில் சிலவற்றைச் சொல்கிறேன். நடப்பிலுள்ள வாடகை ஒப்பந்தம்; மின்சாரம், எரிவாயு போன்றவற்றின் பில்; வங்கி அல்லது கிரெடிட் கார்டு அறிக்கை; சம்பளச் சீட்டு; காப்பீட்டு பில். ஒப்பந்தத்தைத் தவிர மற்றவை பொதுவாகக் கடந்த 60 நாட்களுக்குள் வந்தவையாக இருக்க வேண்டும். இந்த 60 நாள் கணக்கில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். முன்பதிவு செய்த அன்று புதிதாக இருந்த பில், நேரில் போகும் நாளில் பழையதாகியிருக்கும். கணக்கைச் சந்திப்பு நாளிலிருந்து பின்னோக்கிப் போட்டுப் பாருங்கள்.

பேஸ்மென்ட்டில் அறை எடுத்து, ஒப்பந்தம் எதுவும் இல்லாமல், கையில் ரொக்கமாக வாடகை கொடுப்பவர்கள் குவீன்ஸில் ஏராளம். வீட்டு உரிமையாளர் ஒரு வரிகூட எழுதித் தர மாட்டார். மனம் தளர வேண்டாம். வங்கிக் கணக்கு தொடங்கினால் அதன் அறிக்கை உதவும். சம்பளச் சீட்டில் வீட்டு முகவரியைச் சரியாகப் போடும்படி வேலையிடத்தில் கேளுங்கள். பிள்ளை நகரத்துப் பள்ளியில் படித்தால் பள்ளியின் கடிதம் கேட்டுப் பாருங்கள்.

வீடே இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. காப்பகத்தில் தங்கியிருப்பவர்கள் அங்கிருந்து கடிதம் பெறலாம். குடும்ப வன்முறையிலிருந்து தப்பி வந்தவர்களின் அட்டையில் வீட்டு முகவரியை அச்சிடாமல் விடவும் ஏற்பாடு இருக்கிறது. இதைக் கேட்டுப் பெறுவதில் எந்தக் கூச்சமும் வேண்டாம்.

இரண்டாம் படி: புள்ளிக் கணக்கு

மொத்தம் 4 புள்ளிகள் வேண்டும். அவற்றில் குறைந்தது 3 அடையாளத்துக்கு, குறைந்தது 1 குடியிருப்புக்கு. கொடுக்கும் ஆவணங்களில் ஒன்றிலாவது உங்கள் படம் இருக்க வேண்டும். ஒன்றிலாவது பிறந்த தேதி இருக்க வேண்டும்.

காலாவதியாகாத வெளிநாட்டு பாஸ்போர்ட், கருவியால் வாசிக்கக்கூடியதாக இருந்தால், அது ஒன்றே 3 புள்ளிகள். படமும் பிறந்த தேதியும் அதிலேயே இருப்பதால் அடையாளப் பகுதி அதோடு முடிந்தது. உங்களுடையது அப்படிப்பட்டதா என்று அறிய, படம் உள்ள பக்கத்தின் அடியைப் பாருங்கள். பெரிய எழுத்துகளும் அம்புமுனை போன்ற குறிகளும் கலந்த இரண்டு நீண்ட வரிகள் இருந்தால் அதுதான். பாஸ்போர்ட்டோடு ஒரு முகவரிச் சான்றைச் சேர்த்தால் 4.

பாஸ்போர்ட் காலாவதியாகியிருந்தால் முதலில் தூதரகத்தில் புதுப்பிப்பது நல்லது. எல்லாராலும் அது முடியாது. தஞ்சம் கோரி வந்த இலங்கைத் தமிழருக்குத் தன் நாட்டுத் தூதரகத்தின் படியேறுவதே ஆபத்தாகத் தோன்றலாம், வழக்குக்கும் அது ஊறு விளைவிக்கலாம். அத்தகையோர் தூதரகத்துக்குப் போகும் முன் தங்கள் வழக்கறிஞரைக் கேட்க வேண்டும். தஞ்ச வழக்கில் கிடைத்த வேலை அனுமதி அட்டை அடையாளச் சான்றாக உதவும். தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் போன்றவற்றுக்கும் புள்ளிகள் உண்டு; சிறு சிறு புள்ளிகளாகச் சேர்த்து 3-ஐ எட்டலாம். எந்தத் தாளுக்கு எத்தனை என்பதை ஐ.டி.என்.ஒய்.சி. இணையதளத்தில் உள்ள ஆவணக் கணிப்பானில் தேர்ந்தெடுத்துப் பார்த்தால் அதுவே கூட்டிச் சொல்லிவிடும்.

எல்லாம் அசல் தாள்களாகவோ, வழங்கிய அலுவலகமே சான்றளித்த பிரதிகளாகவோ இருக்க வேண்டும். கைப்பேசியில் எடுத்த படத்தை நீட்ட வேண்டாம்.

மூன்றாம் படி: பெயர். தமிழர்களுக்கு மட்டும் ஒரு தனி எச்சரிக்கை

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தலைப்பெழுத்தும் பெயரும்தான். அமெரிக்கப் படிவங்களுக்கு அது புரிவதில்லை.

எடுத்துக்காட்டாக, கயல்விழி என்று ஒருவர். தந்தை முருகேசன். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலி. பெயர் கயல்விழி மட்டும். விசாவில் அது குடும்பப் பெயராக மாறி, முதற்பெயர் தெரியாது என்பதன் சுருக்கமான எஃப்.என்.யு. என்ற மூன்று எழுத்துகள் முன்னால் ஒட்டிக்கொள்ளும். வங்கிக்காரர் அதையே பெயர் என நினைத்து 'எஃப்.என்.யு. கயல்விழி' என்று கணக்குத் திறப்பார். வீட்டு ஒப்பந்தத்தில் 'கயல்விழி முருகேசன்'. இணைய பில்லில் கணவர் பெயர் சேர்ந்து 'கயல்விழி செந்தில்'. ஒரே பெண், நான்கு பெயர்கள். எதிரே இருக்கும் அலுவலருக்கு இவை நான்கும் ஒருவரே என்று எப்படித் தெரியும்?

ஆகவே முன்பதிவுக்கு முன்பே எல்லாத் தாள்களையும் மேசையில் பரப்பி, பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ளதே மூலம். முகவரிச் சான்று அதனோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் மாற்ற எளிதானது வங்கி அறிக்கையும் பில்லும்தான். நேரில் போய் பாஸ்போர்ட்டைக் காட்டினால் திருத்திவிடலாம். திருத்திய தாள் வர ஒரு மாதம் ஆகும். இந்த வேலையை இன்றே தொடங்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெயரில் 'ழ' இருப்பவர்கள் ஆங்கில எழுத்துக்கூட்டலை இருமுறை பாருங்கள். ஒரு தாளில் ஒரு விதமாகவும் மற்றொன்றில் வேறு விதமாகவும் எழுதியிருப்பது நம் வீடுகளில் சாதாரணம்.

நான்காம் படி: முன்பதிவு

இணையத்தில் பதிவு செய்யலாம். அல்லது நகரத்தின் உதவித் தொலைபேசி எண்ணான 311-ஐ அழைக்கலாம். நகரத்துக்கு வெளியிலிருந்து அழைப்பதானால் 212-639-9675. அருகில் உள்ள மையத்தில் நாள் கிடைக்கவில்லை என்றால் வேறு பரோவிலும் தேடுங்கள். எந்த மையத்துக்கும் போகலாம். நீங்கள் குடியிருக்கும் பரோவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. காலையில் எழுந்ததும் ஒருமுறை பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டால், யாராவது ரத்துசெய்த இடம் அகப்படும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அட்டை வாங்கித் தருகிறேன் என்று கடை வைத்துப் பணம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். முன்பதிவுக்கும் கட்டணம் இல்லை, அட்டைக்கும் கட்டணம் இல்லை, இடைத்தரகரும் தேவையில்லை. காசு போவதைவிடப் பெரிய கவலை, உங்கள் பாஸ்போர்ட் பிரதி அந்தக் கடைக்காரரின் மேசையறையில் தங்கிவிடுவது.

ஐந்தாம் படி: மையத்தில்

படிவத்தை நிரப்பி, தாள்களைக் கொடுத்தால் அலுவலர் சரிபார்ப்பார். படம் அங்கேயே எடுப்பார்கள், ஸ்டுடியோவுக்குப் போக வேண்டியதில்லை. கையெழுத்தும் அங்கேயே. உயரம், கண் நிறம் கேட்பார்கள். பாலினத்தை நீங்களே குறிப்பிடலாம். ஆண், பெண், இரண்டிலும் அடங்காதவர்களுக்கான எக்ஸ் என்று எதைத் தேர்ந்தாலும் அதற்கு மருத்துவச் சான்று எதுவும் கேட்பதில்லை. நெருக்கடியில் அழைக்க வேண்டியவரின் எண்ணையும் அட்டையில் சேர்த்துக்கொள்ளலாம். தனியாக வெளியே போகும் வயதான பெற்றோருக்கு இதைத் தவறாமல் சேர்த்துவிடுங்கள்.

மொழி பற்றி. நகர அலுவலகங்கள் தம் முக்கியப் படிவங்களை மொழிபெயர்க்க வேண்டிய 10 மொழிகளைச் சட்டம் வரையறுத்திருக்கிறது. வங்காளமும் உருதுவும் அதில் உண்டு, தமிழ் இல்லை. எனினும் தொலைபேசி வழி மொழிபெயர்ப்பைக் குறைந்தது 100 மொழிகளில் தர வேண்டும் என்றும் அதே 2017-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. எனவே ஆங்கிலம் தடுமாறினால் "தமிழ்" என்று தெளிவாகச் சொல்லி மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். பலர் 'இந்தியா' என்று சொல்லிவிடுகிறார்கள். உடனே இந்தி பேசுபவரை இணைத்துவிடுகிறார்கள். தமிழ் கேட்பது உங்கள் உரிமை, அதற்குப் பணம் கிடையாது.

10 முதல் 13 வயது வரையுள்ள பிள்ளைகள் பெற்றோர் அல்லது பாதுகாவலருடன் வர வேண்டும். அந்த உறவைக் காட்டும் தாள், அதாவது பிறப்புச் சான்றிதழ் போன்றது, கையில் இருக்கட்டும்.

ஆறாம் படி: தபால் பெட்டி

அட்டை தபாலில் வரும். இரண்டு, மூன்று வாரங்கள் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் படியை யாரும் படியாகவே நினைப்பதில்லை. நான் உதவிய தம்பி ஒருவருக்கு எல்லாம் சரியாக முடிந்தது, ஆனால் அட்டை மட்டும் வரவேயில்லை. விசாரித்தால் திரும்பிப் போயிருக்கிறது. அவர் இருந்தது பேஸ்மென்ட்டில். வாசலில் இருந்த ஒரே தபால் பெட்டியில் வீட்டு உரிமையாளரின் பெயர் மட்டும்தான். அந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை என்று தபால்காரர் முடிவு செய்துவிட்டார்.

மையத்திலிருந்து திரும்பிய அன்றே உங்கள் பெயரை அட்டையில் உள்ளபடி ஒரு துண்டுத் தாளில் எழுதி, மழையில் அழியாதபடி ஒட்டும் நாடா போட்டுத் தபால் பெட்டியில் ஒட்டிவிடுங்கள். படிவத்தில் அடுக்ககத்தின் எண்ணை விட்டுவிடாதீர்கள். பேஸ்மென்ட் என்றால் அதையும் எழுதுங்கள்.

என் தகவல் யாரிடம் போகும்?

இந்த ஆண்டுகளில் இந்தக் கேள்வியைக் கேட்காதவர் இல்லை. அஞ்சுவதற்குக் காரணமும் இருக்கிறது. நியூ ஹேவனில் 2007 ஜூன் 4-ஆம் தேதி அட்டைக்கு ஒப்புதல் கிடைத்தது. இரண்டே நாட்களில் அந்த ஊரில் குடியேற்றத் துறையின் கைது நடவடிக்கை நடந்தது.

நியூயார்க்கில் தொடக்கத்தில் விண்ணப்பதாரரின் ஆவணப் பிரதிகளை நகரம் சில காலம் வைத்திருந்தது. 2016 இறுதியில், டிரம்ப் முதன்முறை தேர்ந்தெடுக்கப்பட்டதை ஒட்டி, அவற்றை அழிக்க நகரம் முடிவு செய்தது. ஸ்டேட்டன் ஐலண்டைச் சேர்ந்த மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்கள் இருவர் அழிக்கக் கூடாது என்று வழக்குப் போட்டார்கள். 2017 ஏப்ரலில் நீதிமன்றம் நகரத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. பாஸ்போர்ட், பில் போன்றவற்றின் பிரதிகளை வைத்துக்கொள்ளும் வழக்கம் இப்போது இல்லை.

ஆனால் பெயர், முகவரி, பிறந்த தேதி, படம் ஆகிய விண்ணப்பத் தகவல்கள் நகரத்தின் பதிவில் இருக்கும். சட்டப்படி அவை ரகசியம். நீதிமன்ற உத்தரவு போன்ற குறிப்பிட்ட சூழல்களைத் தவிர வெளியாருக்குத் தரக் கூடாது. இதைத் தெரிந்துகொண்டே முடிவு எடுங்கள் என்பது என் வேண்டுகோள். முறையான விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர்கள் தயங்குவதற்கு எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை. நாடுகடத்தல் உத்தரவு உள்ளவர்கள், குடியேற்ற நீதிமன்றத்தில் வழக்கு நடப்பவர்கள் முதலில் ஒரு வழக்கறிஞரிடம் பேசுங்கள். 311-ஐ அழைத்துக் குடியேற்றச் சட்ட உதவி என்று கேட்டால், இலவச ஆலோசனை கிடைக்கும் இடத்துக்கு வழிகாட்டுவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை வைத்து, எடுக்கவும் வேண்டாம், விடவும் வேண்டாம்.

அட்டை வந்த பிறகு

வங்கிக்குப் போகிறவர்கள் முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள். வங்கிகள் விரும்பினால் இதை ஏற்கலாம் என்று மத்திய ஒழுங்குமுறை அமைப்புகள் 2015-லேயே சொல்லிவிட்டன. இருந்தும் பெரிய வங்கிகள் பல முதன்மைச் சான்றாக ஏற்பதில்லை. சில சிறு வங்கிகளும், கூட்டுறவு வங்கி போன்ற கிரெடிட் யூனியன்களும் ஏற்கின்றன.

பலரும் தவறவிடுவது அருங்காட்சியகச் சலுகை. அட்டை வைத்திருப்பவருக்குப் பங்கேற்கும் நிறுவனங்களில் ஓர் ஆண்டு இலவச உறுப்பினர் தகுதி கிடைக்கும். தொடக்கத்தில் 33 நிறுவனங்கள் சேர்ந்தன. பிராங்க்ஸ் உயிரியல் பூங்காவும் புரூக்ளின் தாவரவியல் பூங்காவும் அவற்றில் அடங்கும். பட்டியல் ஆண்டுதோறும் மாறும், அதைப் பார்த்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும். மூன்றாம் மாடி அக்கா முதலில் சென்றது பிராங்க்ஸ் பூங்காவுக்குத்தான். மகனுக்குப் புலி பார்க்க வேண்டுமாம். அன்று சாப்பாட்டுப் பையில் புளியோதரை மட்டும் இருந்தது.

வீடு மாறினால் முகவரியை மாற்றச் சொல்லுங்கள். அட்டை தொலைந்தால் உடனே தெரிவியுங்கள். காலாவதி நாளுக்கு 60 நாட்கள் இருக்கும்போதே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம், இணையத்திலேயே முடித்துவிடலாம். அந்தத் தேதியை இன்றே கைப்பேசியில் குறித்து வையுங்கள்.